கண்ணை மூடாத தும்மல்

அத்தியாயம் ஐந்து

தாளாளரின் மேஜைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளுக்குக் கால் குட்டை. வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உட்கார்ந்த மறுகணம் மேஜை விளிம்புக்கு மேல் முகம் மட்டும்தான் மிஞ்சும். தாளாளருடையதோ சக்கரம் வைத்த சிம்மாசனம். ஜால்ரா உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டான்.

"உட்காருங்க தம்பி."

"வேணாம் சார். உட்கார்ந்தா ஒண்ணாங்கிளாஸ்ல விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

பக்கத்து நாற்காலியில் அவனுடைய முதலாளி அசையாமல் உட்கார்ந்திருந்தார். தனியார் துப்பறிவாளரான பெண்மணி. வட்டாரத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்தப் பொருளை அவர் கையால் தொட்டதே கிடையாது. அவர் ஒருவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த ஆளின் சின்னத் தப்பு அந்த ஆளுக்கே பெரிதாகத் தெரிய ஆரம்பித்து வியர்த்துவிடும். அதனால் வந்த பெயர். உதவியாளனுக்கு ஜால்ரா என்ற பெயர் வந்ததும் இதே லட்சணத்தில்தான்: வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் முதலாளி சொன்ன எதற்கும் ஒத்து ஊதியதில்லை.

தாளாளருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கேடயங்கள். கல்விச் சிற்பி, மனிதநேய மாமணி, பண்பின் சிகரம். வழங்கியவர் யார் என்று ஜால்ரா குனிந்து படித்தான். எல்லாவற்றையும் வழங்கியது இதே பள்ளிக்கூடம்தான்.

"விஷயத்துக்கு வர்றேன் மேடம்," என்றார் தாளாளர். "ஆண்டு விழா நாடகத்துல ஒரு சதி நடந்திருக்கு. செஞ்சது யாருன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க அதுக்கு ஒரு துப்பு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுத்தாப் போதும்."

"விடையைக் கையில கொடுத்துட்டு, கேள்வியை எழுதச் சொல்றீங்க," என்றான் ஜால்ரா. "பள்ளிக்கூடம்னா இப்படி இருக்கணும்."

பூதக்கண்ணாடி, "முதல்ல நாடகத்தைப் பார்க்கலாம்," என்றார்.

சுவரில் இருந்த பெரிய திரையில் வீடியோ ஓடியது. 'துறந்த மணிமுடி' என்று நாடகத்துக்குப் பெயர். மன்னனாகத் தாளாளரின் மகன். பள்ளிக்கூடத்தில் ஆயாவிலிருந்து தலைமை ஆசிரியர் வரைக்கும் அவனைச் 'சின்னவர்' என்றுதான் சொல்வார்கள். பட்டு அங்கி, ஒட்டு மீசை, காது இரண்டையும் மூடிக்கொண்டு இறங்கிய மாபெரும் கிரீடம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தான், பிறகு பேசினான்.

"சிந்தனை வயப்பட்ட மன்னன்," என்று பெருமையாக விளக்கினார் தாளாளர்.

இடையில் அமைச்சர் வேஷம் போட்ட பெண் வசனம் மறந்து திருதிருவென்று விழித்தாள். "மன்னா… மன்னா…" அதற்கு மேல் வரவில்லை. மன்னன் காத்திருக்கவில்லை. "இல்லை அமைச்சரே, ஒருபோதும் இல்லை!" என்று முழங்கிவிட்டான். அதற்கப்புறம்தான் அமைச்சருக்கு ஞாபகம் வந்து, "போரை நிறுத்தலாமா?" என்று கேட்டாள்.

"ஞான திருஷ்டி," என்றான் ஜால்ரா.

அடுத்து, "எழுக என் படையே!" என்று மன்னன் அங்கியை வீசினான். வீசிவிட்டு, முன்வரிசையை நேராகப் பார்த்து, கம்பீரமாக, "ஆ…ச்சூ!" என்றான். கூட்டம் கை தட்டியது. போர் முழக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பூதக்கண்ணாடி, "அந்த இடத்தை மறுபடி," என்றார். மறுபடி ஓடியது. "இன்னொரு தடவை." மூன்று முறையும் முட்டைக் கண்ணை விரித்துக்கொண்டே சின்னவர் தும்மினான்.

கடைசிக் காட்சி. "இம்முடி தலைக்கு அழகல்ல, பாரம்! இதோ இறக்கி வைக்கிறேன்!" என்று மன்னன் கர்ஜித்தான். கிரீடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இசை உயர்ந்தது. திரை இறங்க வேண்டிய நேரம். அப்போது மன்னன் மறுபடி வானத்தைப் பார்த்தான். அதே ராஜ குரலில், வரி வரியாகச் சொன்னான்:

"சார். ஒரு தடவையாவது அந்தப் போனை விட்டு நிமிர்ந்து பாருங்க சார். அவன் வர்ற வரைக்கும் கிரீடத்தை மாட்டி வைக்க ஒரு ஆணி வேணும். அந்த ஆணிதானே நான்? ஆணியைக்கூட மாட்டறப்போ ஒரு தடவை பார்ப்பாங்க சார்."

கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. நடு சோபாவில் சிறப்பு விருந்தினரான பெரிய அதிகாரி, கையிலிருந்த போனின் வெளிச்சம் முகத்தில் அடிக்க, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பைக்குள் போட்டார். எழுந்தார். போய்விட்டார்.

தாளாளர் திரையை அணைத்தார். "அவர் கையெழுத்துப் போட்டா இந்தப் பள்ளிக்கூடம் காலேஜ் ஆகும். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு வந்த மனுஷன் மேடம். மூடிக்கிட்டுப் போயிட்டார்."

"உங்க மகன் என்ன சொல்றார்?"

"வாயில்காப்போனா நின்ன பொண்ணு ஒருத்தி. ஒத்திகையில எல்லாருக்கும் உதவியா இருந்தவ. கடைசி நேரத்துல வந்து, 'முடிவுல வசனம் மாறிடுச்சு, இதைச் சொல்லணுமாம்'னு சொல்லிக் கொடுத்திருக்கா. குழந்தை நம்பிட்டான். பொறாமை மேடம், வேற என்ன? எங்க வேன் டிரைவரோட பொண்ணு." மேஜையிலிருந்த உறையைத் தட்டினார். "டி.சி. ரெடி. நாளைக்குக் காலையில அதிகாரியோட உதவியாளர் வர்றார். உங்க ரிப்போர்ட்டையும் இதையும் சேர்த்துக் காட்டிட்டேன்னா முடிஞ்சுது."

"அரசுத் தேர்வு பக்கத்துல வந்துடுச்சே. இப்போ டி.சி. கொடுத்தா எங்கேயும் சேர்க்க மாட்டாங்க."

"அது அவ முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"அவ அப்பா?"

"வேனுக்கு வேற ஆள் பார்த்தாச்சு," என்றார் பண்பின் சிகரம்.

வெளியே வந்ததும் ஜால்ரா கேட்டான். "மேடம், முடியைத் துறந்த மன்னன்னு பேரு. கடைசி வரைக்கும் அதைக் கழட்டவே இல்லையே. பசை போட்டு ஒட்டியிருப்பாங்களோ?"

"நீ வாயை மூடாம இருக்கறதுல இதுதான் நல்லது. உனக்கே தெரியாம எப்பவாவது ஒரு நல்ல கேள்வி விழுது."

*

நாடக சார் அரங்கத்தின் நடுவே, முதுகில் 'இயக்குநர்' என்று எழுதிய மடக்கு நாற்காலியில், தோளில் சால்வையோடு சாய்ந்திருந்தார். கையில் ஒரு போன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

"கலை என்பது ஒரு தவம்," என்று போனிடம் சொன்னார்.

"தவத்துக்கு ரெண்டு போன் வேணுமா சார்?" என்றான் ஜால்ரா.

பூதக்கண்ணாடி நேராகக் கேட்டார். "சின்னவர் ஒத்திகைக்கு வருவாரா?"

"உடம்பால வரலேன்னாலும் மனசால வந்துடுவார்."

"உடம்பால வந்தது யாரு?"

"மன்னர் எங்கே நிப்பார், எப்போ திரும்புவார்னு மத்த பசங்களுக்குத் தெரியணுமில்ல? அதுக்காக அந்தப் பொண்ணை நிறுத்தி வச்சிருந்தேன். ஒரு அடையாளத்துக்கு. எல்லாரும் 'டூப்பு'ன்னு கூப்பிடுவாங்க."

"சும்மா நிப்பாளா, பேசுவாளா?"

"பேசுவா, பேசுவா. மன்னர் வரி முடிஞ்சாத்தானே மத்தவங்க தங்க வரியை எடுக்க முடியும்."

"எப்படிப் பேசுவா?"

நாடக சார் யோசித்தார். பாத்திரக் கடைக்காரரிடம் கடையில் இல்லாத பாத்திரத்தைக் கேட்டது போல முகம் வெறுமையாக இருந்தது. "நல்லா இருக்கும்," என்றார். "நல்லாத்தான் இருக்கும்."

ஜால்ரா அதற்குள் மேடை ஏறிவிட்டான். இடுப்பில் கை வைத்து, தொண்டையைச் செருமி, "கேளுங்கள் மக்களே! இயக்குநரின் நாற்காலிக்கு அடியில் தீப்பிடித்துக்கொண்டது! சால்வை வரை ஏறிவிட்டது!" என்று அரங்கம் அதிர முழங்கினான்.

நாடக சார் கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே, "நல்லா இருக்கு," என்றார். "இன்னும் கொஞ்சம் உணர்ச்சி."

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. "கடைசியில மன்னர் ஏன் கிரீடத்தை இறக்கல?"

இதற்கு நாடக சார் நிமிர்ந்தார். முதல் தடவையாக. கழுத்து கொஞ்சம் சிவந்தது. "அது குறியீடு மேடம். மனசுக்குள்ள இறக்கிட்டார்."

"ஒத்திகையிலும் இவ்வளவு பெரிய கிரீடமா?"

"ஒத்திகைக்கு அட்டை கிரீடம். இது விழாவுக்குன்னே செஞ்சது. சரித்திர ஆதாரத்தோட."

"காதை மூடின சரித்திரம் எந்த வம்சத்தோடது சார்?" என்றான் ஜால்ரா. பதில் வரவில்லை. போன் வந்தது.

மேடை ஓரத்தில் ஒரு பழைய வெல்வெட் திரை சுருண்டு கிடந்தது. ஒரு முனையில் கழுத்தில் கட்டிக்கொள்ள நாடா தைத்திருந்தார்கள். அதுதான் ஒத்திகை அங்கி. பூதக்கண்ணாடி அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

*

அலுவலக வாசல் பெஞ்சில், மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் உட்கார வைத்திருக்கிறார்களாம். போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அழுதியா?" என்றார் பூதக்கண்ணாடி, பக்கத்தில் உட்கார்ந்து.

"இல்ல மேடம். அழுதா ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க. அழலேன்னா திமிர்னு சொல்லுவாங்க. எது சுலபமோ அதைச் செய்றேன்."

ஜால்ராவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. "எப்படி மாட்டினே இதுல?"

"ராஜா வேஷம் கேட்டுத்தான் போனேன் அண்ணா. வசனம் பேசிக் காட்டினேன். 'ராஜா பெரிய இடத்துக்குப் போயிடுச்சும்மா, நீ சும்மா நின்னு பேசிக்கிட்டிரு'ன்னு சார் சொன்னார். சரின்னு நின்னேன்."

ஒத்திகைக்குப் பெஞ்சுகளை அடுக்கி சிம்மாசனம் செய்வார்கள். வாளுக்கு அடிஸ்கேல். அட்டை கிரீடம் நெற்றியில் கீறும். முதல் வாரம் வெறுமனே ஒப்பித்தாள். பிறகு, பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனில் அப்பா கண்ணயரும் நேரத்தில், காலி சீட்டுகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். சீட்டுகள்தான் குடிமக்கள். அப்பா தூங்குவது போல் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒரு நாள் டீசல் போடும்போது, மன்னன் வசனம் முழுவதையும் அவரே முணுமுணுத்தாராம்.

"அப்புறம் ஒரு நாள் ஒத்திகையில, 'இறக்கி வைக்கிறேன்'னு அட்டை கிரீடத்தைக் கழட்டறேன். அமைச்சரா நடிக்கிறவ நெஜமாவே அழுதுட்டா. நாடகத்துல அழுகை கிடையாது. எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. நான் சாரைப் பார்த்தேன்."

"சார்?"

"'நல்லா இருக்கு. அடுத்த சீன்'னார். போன்ல இருந்தார்."

ஜால்ரா தொண்டை வரை வந்த ஜோக்கை விழுங்கினான். ருசிக்கவில்லை.

"விழா அன்னிக்கு எனக்கு ஒரே வரி. 'மன்னர் வருகிறார்!' சொல்லிட்டு ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் பேச ஆரம்பிச்சான். நான் ஒத்திகையில பேசின வசனம்தான், அது எல்லாருக்கும் பொது. ஆனா நான் மூச்சு விடற இடத்துல அவனும் விட்டான். நான் இழுக்கற இடத்துல இழுத்தான். எங்கேயோ…" சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மேடம்."

பூதக்கண்ணாடி பதில் சொல்லாமல், மடித்து வைத்திருந்த வெல்வெட் திரையை எடுத்து ஒரே உதறாக உதறினார். வெயிலில் தூசி எழும்பிப் பறந்தது. பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உடம்பே குலுங்கத் தும்மினாள்.

"இதைக் கட்டிக்கிட்டா எந்த வசனத்துல தும்மல் வரும்?"

"'எழுக என் படையே'ல. அங்கியை வீசுவேனா… அப்போ தூசி…" சொல்லி முடிப்பதற்குள் எதிலோ மாட்டிக்கொண்டது அவளுக்கே தெரிந்துவிட்டது.

"சின்னவர் போட்டிருந்தது புதுப் பட்டு," என்றார் பூதக்கண்ணாடி. "அதுல தூசி கிடையாது. ஆனா அதே இடத்துல அவரும் தும்மினார். உனக்குப் புரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

பெண் வாசலைப் பார்த்தாள். வெளியே மஞ்சள் வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்த கண்ணாடி.

"அந்த வேன்ல ஸ்டியரிங் மட்டும்தான் எங்கப்பா கையில இருக்கு மேடம். சாவி இவங்க கையில. நான் வாயைத் திறந்தா அவருக்கு வேலை போயிடும்னு நாடக சார் சொன்னார்."

"வாயை மூடியிருந்தும் போயிடுச்சும்மா," என்றான் ஜால்ரா, மெதுவாக. "வேற ஆள் பார்த்தாச்சாம்."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

*

மாலை மணி அடித்த பிறகு தாளாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். குட்டை நாற்காலிகளில் நாடக சாரும் சின்னவரும். பெண் கதவோரம் நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி," என்றார் பூதக்கண்ணாடி, "ஒரே ஒரு உதவி. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத் தும்மிக் காட்டுங்க."

சின்னவர் அப்பாவைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். வானத்திலிருந்து இன்றைக்கு எதுவும் வரவில்லை.

"வராது. தும்மினா கண்ணு தானா மூடிக்கும். வீடியோவுல உங்க மகன் கண்ணை விரிச்சுக்கிட்டுத் தும்மறார். ஏன்னா அது தும்மல் இல்ல. காதுல கேட்டதைத் திருப்பிச் சொன்னார். கேட்டது வசனமா தும்மலான்னு பிரிச்சுப் பார்க்கல."

"அர்த்தம் தெரிஞ்சு பேசணும்னு யாரும் சொல்லித் தரல போலிருக்கு," என்றான் ஜால்ரா கேடயங்களைப் பார்த்தபடி.

"அபாண்டம்!" என்று நாடக சார் சால்வையை இழுத்துக்கொண்டார்.

"கிரீடம் காதை மூடியிருந்தது. உள்ள குட்டி இயர்போன். கழட்டினா தெரிஞ்சுடும். அதான் முடியைத் துறக்கிற மன்னர் கடைசி வரைக்கும் துறக்கல."

தாளாளர் சுதாரித்தார். "சரி, யாரோ மறைவுல நின்னு எடுத்துக் கொடுத்திருக்காங்க. எல்லா நாடகத்துலயும் நடக்கிறதுதானே? அந்த ஆளு இந்தப் பொண்ணுதான்! நான் சொன்னேன்ல?"

"ஆளு எடுத்துக் கொடுத்திருந்தா, அமைச்சர் வசனம் மறந்து முழிக்கறப்போ நிறுத்தியிருப்பாங்க. உங்க மன்னர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். காத்திருக்கத் தெரியாத குரல் சார் அது. ரெக்கார்டிங்." பூதக்கண்ணாடி நாடக சார் பக்கம் திரும்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாடக சாரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. சட்டைப்பையிலிருந்த போன் தானாகவே மேஜைக்கு வந்தது.

ஜால்ரா அதை எடுத்து நோண்டி, பட்டனைத் தட்டினான்.

பெண்ணின் குரல் எழுந்தது. கதவோரம் நிற்கிற இந்த ஒடிசலான உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மன்னன் கோபப்பட்டான், ஏமாந்தான், தனியாக நின்றான். தாளாளர் கையில் உருட்டிக்கொண்டிருந்த பேப்பர்வெயிட் நின்றுவிட்டது. சின்னவர்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். தான் என்ன பேசினோம் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது போலிருந்தது. 'எழுக என் படையே' வந்தது. தும்மல் வந்தது, நிஜத் தும்மல். 'இறக்கி வைக்கிறேன்' வந்தது. அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குப் பிறகு, "சார். ஒரு தடவையாவது…"

முடிந்ததும் ஜால்ரா போனை மேஜையில் வைத்தான்.

"வசனத்தை யாரும் மாத்தல," என்றார் பூதக்கண்ணாடி. "உங்க மகன் ஒரு எழுத்து விடாமச் சொல்லியிருக்கார். பரிசே கொடுக்கலாம்."

தாளாளர் நாடக சாரிடம் திரும்பினார். "இதை நீங்க முன்னாடியே கேட்டுப் பார்க்கலையா?"

"கேட்டேன் சார்… ஆரம்பத்தை மட்டும். பதிவாகியிருக்கான்னு."

"மேடையில அவன் உளற ஆரம்பிச்சதும் நிறுத்தியிருக்கலாமே!"

"நான் அப்போ… இன்னொரு போன்ல இருந்தேன் சார்."

தாளாளர் நாற்காலியின் சக்கரத்தை ஒரு முறை பின்னால் உருட்டினார், ஒரு முறை முன்னால் உருட்டினார். பெரிய மனிதர்கள் மனம் மாறும்போது இப்படித்தான் சத்தம் வரும்.

"சரி. டி.சி. வேண்டாம். வேன் பழையபடி அவரே ஓட்டட்டும். ரிப்போர்ட்ல 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு எழுதிடுங்க. என் பையன் பேரு வரக் கூடாது. ரெக்கார்டிங்கும் அழிஞ்சுடணும்."

"அது கொஞ்சம் லேட்," என்றான் ஜால்ரா, தன் போனை ஆட்டிக் காட்டி. "கேட்டுக்கிட்டே எனக்கு அனுப்பிக்கிட்டேன். கலை ஆர்வம் சார்."

"டி.சி. பத்தியோ வேன் சாவி பத்தியோ இன்னொரு தடவை பேச்சு வந்தா, அது நேரா அதிகாரிக்குப் போகும்," என்றார் பூதக்கண்ணாடி.

தாளாளர் தலையை ஆட்டினார். தோற்றவர் மாதிரி இல்லை. அதற்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேஜையிலிருந்த உறையை எடுத்து இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை. பிறகு மகனைப் பார்த்தார், கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார்.

"நாளைக்குத் தம்பி நேர்ல போய் அதிகாரிகிட்ட மன்னிப்பு கேட்கணும். உருக்கமா. ஆனா தம்பிக்கு உருக்கம் அவ்வளவா வராது…" குரலைத் தாழ்த்தினார். "சார், இந்தப் பொண்ணு நல்லாப் பேசுது. மன்னிப்பையும் இவளையே பேச வச்சு ரெக்கார்ட் பண்ணிடுங்க. தம்பி தொப்பி போட்டுக்கிட்டுப் போகட்டும்."

ஜால்ரா அண்ணாந்து, மனிதநேய மாமணி கேடயத்தை இன்னொரு தடவை படித்தான். 

*

அரங்கத்தில் சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. மேடையில் பெஞ்சு சிம்மாசனத்தை இன்னும் யாரும் கலைக்கவில்லை. நாடக சார் வருவதற்காக மூவரும் காத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு விஷயம் எனக்குப் புரியல," என்றார் பூதக்கண்ணாடி. "அந்தக் கடைசி வரிகள். ரெக்கார்டிங் ஓடறது மறந்துபோய்ப் பேசிட்டியா?"

"இல்ல மேடம். போன்ல சிவப்புப் புள்ளி எரிஞ்சுக்கிட்டு இருந்தது. பார்த்துக்கிட்டேதான் பேசினேன்."

ஜால்ரா நிமிர்ந்தான். "அப்போ நீதான் வேணும்னே சின்னவரை மாட்டி விட்டியா?"

"மேடையில போடுவாங்கன்னு எனக்கு எப்படி அண்ணா தெரியும்? 'சின்னவர் வீட்ல கேட்டுப் பழகறதுக்கு, மன்னர் வரி மட்டும் பேசு, மத்தவங்க பேசற இடத்துல சும்மா நில்லு'ன்னு சார் சொன்னார். போனை நாற்காலியில வச்சுட்டு வெளியே போயிட்டார். யாருமே இல்ல. அங்கியைக் கட்டிக்கிட்டு முழுசா நடிச்சேன். அன்னிக்கு வந்த மாதிரி என்னைக்குமே வரல." இயக்குநர் நாற்காலியைப் பார்த்தாள். "அனுப்பறதுக்கு முன்னாடி சார் ஒரு தடவை போட்டுக் கேட்பார்னு நினைச்சேன். கேட்டுட்டு அந்தக் கடைசியை வெட்டிடுவார். வெட்டணும்னாக்கூடக் கேட்டாகணுமில்ல? அவர் ஒருத்தருக்குத்தான் சொன்னேன் மேடம். ஊர் முழுக்கக் கேட்டுச்சு. அவருக்கு மட்டும் கேட்கல."

வேகமாக நடந்து வந்தார் நாடக சார். "ஆங்… ஆரம்பிச்சுடலாமா? 'மாண்புமிகு ஐயா, அறியாப் பருவத்தில் செய்த பிழை'ன்னு தொடங்கும்மா. கண்ணீர் வர்ற மாதிரி." ஒரு போனை இயக்குநர் நாற்காலியில் நிற்க வைத்தார். சிவப்புப் புள்ளி எரிந்தது. இன்னொரு போன் மணியடித்தது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார்.

பெண் மேடை ஏறினாள். வெல்வெட் திரையைக் கட்டிக்கொள்ளவில்லை. பெஞ்சுகளுக்கு முன்னால் நேராக நின்று, நாற்காலியில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள்.

பேசவில்லை.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜால்ரா முதலாளியைப் பார்த்தான். அவர் பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கை கட்டவில்லை, தலை குனியவில்லை. மன்னன் நிற்கிற மாதிரி நின்றாள். ஜன்னலோரம் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போனது. குனிந்த தலை எதற்கோ ஒரு தடவை தனக்குள் சிரித்தது.

நேரம் ஆகிவிட்டது என்று எப்படியோ தோன்றியிருக்க வேண்டும். நாடக சார் நிமிராமலே வந்தார். நாற்காலியிலிருந்த போனை எடுத்து அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"நல்லா இருக்கு," என்றார். சால்வையைச் சரிசெய்துகொண்டு, அதைத் தாளாளரிடம் சேர்க்கப் போனார்.

பெண் மேடையிலிருந்து இறங்கிப் பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் வேன் ஒரு தடவை ஹாரன் அடித்தது.